படகுத்துறையில் கேட்கக் கூடாத கேள்வி

"குருவே, நீங்க செஞ்சது அநியாயம்" என்றாள் தமயந்தி.

குமுதா கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் படகுத்துறையில் காற்றையும் அலையையும் எழுதிப் போடுவது அவள் வேலை. அதைப் படிப்பது யார் வேலை என்று இதுவரை தெரியவில்லை.

பல்கலைக்கழகத்தில் கடலைப் படித்தது போதாதென்று அவளிடம் சிஷ்யையாகச் சேர்ந்தவள் தமயந்தி. குருவைவிட ஆறு மாதம் மூத்தவள். வாய் ஆறு வருடம் மூத்தது.

"என்ன அநியாயம்?"

"போன வாரம் ஒருத்தர் படகுல ஏறும்போது 'எங்க போறீங்க'ன்னு கேட்டீங்க. கிளம்புறவங்களை அப்படிக் கேட்டா சகுனத் தடைன்னு ஊருக்கே தெரியும். பாவம், இறங்கி வந்து உட்கார்ந்து தண்ணி குடிச்சிட்டு மறுபடி கிளம்பினார். மறுபடியும் கேட்டீங்க!"

"மூணாவது தடவை கேக்கலையே."

"அதுக்குள்ள காத்து வந்துடுச்சு!"

"ஆமா."

"இது மூடநம்பிக்கையை வளர்க்கிற வேலை. உண்மையை எடுத்துச் சொன்னா மனுஷங்க கேப்பாங்க."

குமுதா சாக்பீஸை அவளிடம் நீட்டினாள்.

"இன்னைக்கு நீ சொல்லு."

அப்போதுதான் படகுக்காரர் அஞ்சப்பன் குடும்பத்தோடு வந்தார். மகனுக்கு எதிர்க்கரை ஊரில் நிச்சயதார்த்தம். வேனில் போனால் இரண்டு மணி நேரம். ஆனால் அஞ்சப்பன் வீட்டு வரிசைத் தட்டு கடல்வழியாகத்தான் போகுமாம். பட்டுச் சேலைகள், பழத்தட்டுகள், இடுப்பில் குழந்தைகள் என்று படகு நிறைந்தது.

தமயந்தி ஓடினாள்.

"அண்ணே, இன்னும் ஒரு மணி நேரத்துல பெருங்காத்து. அலை மூணு மீட்டர் எழும்பும்."

"மூணு மீட்டரா? என் வீட்டுக்காரி சேலையே அஞ்சரை மீட்டர்."

படகே சிரித்தது.

"போன வாரமும் இப்படித்தான் வந்துச்சு!"

"அது போன வாரம். இன்னைக்கு வானத்தைப் பாரு, துடைச்சு விட்ட மாதிரி."

அவள் செல்போனில் மேகப்படத்தைக் காட்டினாள். கிழக்கே பெரிய வெள்ளைச் சுழல்.

"படம் நல்லா இருக்கு தங்கச்சி. கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்க நீயே வந்துடு."

"லைஃப் ஜாக்கெட்டாவது போடுங்கண்ணே."

"பட்டுச் சேலைக்கு மேலயா?" என்றாள் அவர் மனைவி. உண்மையாகவே மனம் நொந்துபோய்.

தமயந்தி காற்றழுத்தத்தை விளக்கினாள். போன வருடம் கவிழ்ந்த படகைச் சொன்னாள். கெஞ்சினாள். அஞ்சப்பன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு இஞ்சினைக் கிளப்பினார்.

அவள் குருவைத் திரும்பிப் பார்த்தாள்.

குமுதா பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு, சிஷ்யையின் காலடியில் கொண்டுவந்து வைத்தாள்.

கயிற்றை அவிழ்த்தார்கள். ஒரு குழந்தை தமயந்தியைப் பார்த்துக் கையாட்டியது. அதன் தலைக்குப் பின்னால், கடலும் வானமும் சேரும் இடத்தில், மை தீட்டியதுபோல் ஒரு கோடு.

தமயந்திக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அத்தனையும் கோபம்.

"அண்ணே!"

"இன்னும் என்ன?"

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"எங்க போறீங்க?"

இஞ்சின் நின்றது.

"படிச்ச பொண்ணு கேக்குற கேள்வியா இது!" என்று கத்திக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டிக் கரையில் குதித்தார் அஞ்சப்பன்.

தமயந்தி சொம்பை நீட்டினாள்.