வலது ஓரம்

"டீச்சர், என் லென்ஸ்ல வலது ஓரம் மங்குது. சர்வீஸ்காரன் ஒரு குறையும் இல்லேங்கிறான். ஏமாத்துறான்."

சந்தியாகுவுக்கு அறுபது வயது. அவர் டீச்சர் என்று அழைத்த நாச்சியாருக்கு முப்பத்திமூன்று. உப்பளத்துப் பக்கம் நண்டு, பூச்சி, நிலா என்று கண்டதையும் படம் எடுக்கிறவள்; கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பாள்.

அவள் கேமராவைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பேட்டரி மூடிக்கு ரப்பர் பேண்டு, பிடிக்குப் பழைய சைக்கிள் டியூப். மூங்கிலில் கட்டி அதைச் சேற்றுக்குள் நீட்டுவாள். காற்றடித்தால் காகிதம் பறக்காமலிருக்க அதையே தூக்கி மேலே வைப்பாள்.

அவருடையதற்கோ ராஜவாழ்வு. நாலு வருஷமாக மூன்று உறைக்குள் தூக்கம்.

"இதுவரைக்கும் என்ன சார் எடுத்தீங்க?"

"இன்னும் எதுவும் எடுக்கல. முதல்ல லென்ஸ் சரியா இருக்கானு தெரியணும்ல?"

கேமரா வாங்கும் ஆண்களுக்கு ஒரு வியாதி உண்டு. செய்தித்தாளை விரித்து, ஓரத்து எழுத்துகூடத் தெளிவாக விழுகிறதா என்று எடுத்து எடுத்துப் பார்ப்பார்கள். பலருக்கு ஒரு வாரத்தில் தெளிந்துவிடும். சந்தியாகுவுக்குத் தெளியவே இல்லை.

அவர் மனைவி பிலோமினா இறந்து மூன்று மாதம். 'என்னையும் ஒண்ணு எடுங்களேன்' என்று அவள் கேட்டபோதெல்லாம், 'டெஸ்ட் முடியட்டும்' என்றார். கடைசியில் வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினார். அதில் அவள் யாரோ ஒருத்தி மாதிரி இருந்தாள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த மாதம் மகளுக்குப் பிரசவம். பிறக்கும் முகத்தையாவது ஒழுங்காக எடுத்துவிட வேண்டும்.

நாச்சியார் எழுந்தாள். அன்றைய பேப்பரைச் சோற்றுப் பருக்கையால் சுவரில் ஒட்டினாள். அவர் கேமராவால் ஒன்று எடுத்துக் காட்டினாள்.

நாலு ஓரமும் பளிச்சென்று இருந்தன.

"அப்போ என் வீட்ல எடுத்ததுல மட்டும் ஏன் மங்குது?"

"உங்க வீட்ல பேப்பரை எதுல ஒட்டுனீங்க?"

"ஒட்டல. சுவர்ல பெயின்ட் போயிடும். பிலோமினாதான் பிடிச்சுக்கிட்டு நிப்பா."

நாச்சியார் அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவர் கேமராவில் இருந்த பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். மொத்தம் நாற்பத்திமூன்று. எல்லாவற்றிலும் விரித்த செய்தித்தாள். இரு பக்கமும் நாலு நாலு விரல்கள். முகம் பேப்பருக்குப் பின்னால்.

"கடைசிப் படங்க எப்போ எடுத்தது?"

"அவ ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த வாரம். அதுலேர்ந்துதான் இந்த மங்கல்."

நாச்சியார் கடைசிப் படத்தின் வலது ஓரத்தைப் பெரிதாக்கி, கேமராவை அவர் கையில் கொடுத்தாள்.

எழுத்துகளை மட்டுமே பார்த்துப் பழகிய கண். கொஞ்ச நேரம் பிடித்தது.

புறங்கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி. அந்தக் கை மட்டும் இரண்டாகவும் மூன்றாகவும் கலைந்து விழுந்திருந்தது.

"லென்ஸ்ல குறை இல்ல சார்" என்றாள் நாச்சியார்.

சந்தியாகு திரையில் அந்தக் கையை விரலால் தொட்டார்.

"ஆட்டாம பிடிக்கத் தெரியாதானு கத்துனேன் டீச்சர்."