உள்மடி

ஒரு விடுகதை.

தான் ஒருமுறை முட்டையிடுவதற்குள் கோழி முட்டையாகிவிடும் மீன் எது?

தெரியாவிட்டால் பரவாயில்லை. விசைப்படகுக்காரர் வைரக்கண்ணுவுக்குத் தெரியும். அவர் பிடிப்பதே அதைத்தான்.

மீன்பிடித் தடைக்காலம் முடியும் நாளில் அவர் புது வலையோடு மடத்துக்கு வந்தார்.

"சாமி, அறுபத்தொரு நாள் படகைக் கட்டிப்போட்டுக் காத்திருந்தோம். போன வருஷமும் இப்படித்தான் காத்திருந்தோம். போய்ப் பார்த்தா மீன் இல்ல. கடல்ல இருந்த மீனெல்லாம் எங்க போச்சு?"

மடத்துச் சாமி வலையை இறக்கச் சொன்னார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வலையில் மீன் போய்ச் சேரும் பை போன்ற பகுதிக்கு மடி என்று பெயர். மடியின் வாலைக் கயிற்றால் கட்டினால்தான் மீன் உள்ளே நிற்கும். புது வலைக்கு அந்த முதல் கட்டைச் சாமி முன்னால் படகுக்காரர் வீட்டுக் கடைசிக் குழந்தை போட வேண்டும். அந்தக் கட்டுப் போடாத வலையோடு யாரும் படகில் ஏற மாட்டார்கள்.

வைரக்கண்ணுவின் கடைசி மகள் சுகிர்தா. வயது எட்டு. கயிற்றோடு தயாராக நின்றாள்.

சாமி மடிக்குள் கையை விட்டார். வெளிவலையின் கண்ணில் மூன்று விரல் நுழைந்தது. உள்ளே இன்னொரு வலை தட்டுப்பட்டது. அதில் சுண்டுவிரல்கூட நுழையவில்லை.

"இது என்ன?"

"உள்மடி, சாமி."

"எதுக்கு?"

"எல்லாப் படகுலயும் இருக்கு."

"நான் உன்னைக் கேட்டேன்."

வலை தூக்கி வந்த ஆட்களில் ஒருவர் சிரித்தார். "இன்னும் கொஞ்சம் பொடிக்கண்ணாப் போட்டா தண்ணியையே பிடிச்சிடலாம் சாமி."

"நீ சும்மா இருய்யா" என்றார் வைரக்கண்ணு. "சங்காயம் விழும் சாமி. பொடிசு. காயவெச்சா கோழித்தீவனக் கம்பெனிக்காரன் எடுத்துக்குவான். கோழி தின்னா நல்லா முட்டையிடும்."

வலை வந்த வண்டியிலேயே ஒரு மூட்டை கிடந்தது. தடைக்கு முன்பு காயவைத்ததில் மிச்சம். சாமி அதைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு கை அள்ளித் தரையில் பரப்பினார்.

"பாப்பா, இது என்ன மீன்?"

"சங்காயம்" என்றாள் சுகிர்தா. "அது வளரவே வளராது. அப்பா சொல்லியிருக்காங்க."

"பக்கத்துல வந்து பார்."

அவள் குனிந்தாள். வாலைப் பார்த்தாள். ஒன்றை நகத்தால் புரட்டினாள்.

"இது சங்கரா மாதிரி இருக்கு."

"அப்புறம்?"

"இது வஞ்சிரம். இது கணவாய். இது நண்டு. காலெல்லாம் இருக்கு."

வைரக்கண்ணுவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எம் பொண்ணு சாமி. எதைக் காட்டினாலும் பேர் சொல்லிடுவா."

சுகிர்தா நிமிர்ந்தாள். "எல்லாம் குஞ்சுப்பா."

வைரக்கண்ணு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீனெல்லாம் எங்க போச்சுன்னு கேட்டியே" என்றார் சாமி. மூட்டையைக் காலால் அவர் பக்கம் தள்ளினார்.

"நான் ஒருத்தன் விட்டா ஆச்சா சாமி? நானூறு படகு போகுது. நான் விட்ட குஞ்சைப் பின்னால வர்றவன் அள்ளுவான். அவன்கிட்ட போய்ச் சொல்லுங்க."

"அள்ளுவான்."

"அப்போ எனக்கு மட்டும் என்ன சட்டம்? நீங்க படகு ஓட்டினவருதானே? இந்த ஊர்ல முதல் உள்மடியைத் தெச்சது யாருன்னு எங்க அப்பா சொல்லாமலா இருந்தாரு?"

"நான்தான் தெச்சேன்" என்றார் சாமி.

"நீங்க செஞ்சதை நான் செய்யக் கூடாதா?"

"நான் செஞ்சதாலதான் உனக்கு மீன் இல்ல. நீ செஞ்சா அவளுக்கு இல்ல."

அவர் குரல் உயரவில்லை.

வைரக்கண்ணு மகளிடம் திரும்பினார். "பாப்பா, நேரமாகுது. விடிஞ்சா கடலுக்குப் போகணும். கட்டைப் போடு."

சுகிர்தா சாமியைப் பார்த்தாள்.

"கட்டைப் போடு, சுகிர்தா. ஏழு பேர் நிக்கிறாங்க."

"அந்த உள் வலையைப் பிரிச்சிடலாமாப்பா?"

"இந்த ஒரு தடவை போயிட்டு வந்துடறேன். அப்புறம் பிரிச்சிடலாம்."

சுகிர்தா கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். கட்டுப் போடவில்லை.