கழுதை மறித்த வாசல்

பெத்லகேம் ஊரில் ஒரு சிறிய வீட்டு வாசலில் ஒரு கழுதை நின்றிருந்தது. வீட்டுக்குள் குழந்தை இயேசு இருந்தார். அவருடைய தாயை அந்த ஊருக்குச் சுமந்து வந்தது அந்தக் கழுதைதான். அதனால் அதற்குக் கொஞ்சம் கர்வம்.

பொழுது சாயும் நேரத்தில் சில ஒட்டகங்கள் வந்தன. அவற்றின்மேல் கிழக்குத் தேசத்து ஞானிகள் அமர்ந்திருந்தார்கள். கழுதை வாசலுக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டது.

"யாரப்பா நீங்கள்? என்ன வேண்டும்?"

"யூதருக்கு ராஜாவாகப் பிறந்த குழந்தையைப் பார்க்க வேண்டும்" என்றது முன்னால் வந்த ஒட்டகம்.

"யூதருக்கு ராஜா என்று நீங்களே சொல்கிறீர்கள்! அசலூர்க்காரர்களுக்கு இங்கே என்ன வேலை? இது எங்கள் வீட்டுப் பிள்ளை. போங்கள்!"

நடந்து நடந்து ஒட்டகத்தின் பாதங்கள் வெடித்திருந்தன. ஆனாலும் அது கோபப்படவில்லை.

"அண்ணே, அவருடைய நட்சத்திரம் எங்கள் ஊர் வானத்தில் அல்லவா உதித்தது! நாங்கள் வரக்கூடாது என்றால் கடவுள் அதை எங்களுக்கு ஏன் காட்ட வேண்டும்?"

கழுதை இன்னும் உரக்கக் கத்தியது. "அதெல்லாம் எனக்குத் தெரியாது! எருசலேம் அரண்மனையில் போய்க் கேளுங்கள்!"

"சரி, அங்கேயே போகிறோம். அரண்மனைத் தோட்டத்து நரி எங்களிடம் அன்பாகத்தான் பேசியது. 'வீட்டைக் கண்டுபிடித்ததும் வந்து சொல்லுங்கள், ஏரோது ராஜாவும் வந்து கும்பிடுவார்' என்றது."

கழுதையின் காதுகள் விறைத்தன. ஏரோது, சிம்மாசனத்துக்காகப் பெற்ற பிள்ளைகளையே கொன்றவன்!

"ஐயையோ! அந்த நரியிடம் மூச்சு விடாதீர்கள்! ஏரோது கும்பிட வரமாட்டான், கொல்லத்தான் வருவான்!"

கழுதை யோசித்தது: 'பக்கத்தில் இருப்பவன் கொல்லப் பார்க்கிறான். எங்கிருந்தோ வந்தவர்கள் வணங்க வந்திருக்கிறார்கள். இவர்களையா துரத்தினேன்?' வெட்கத்தோடு அது வழிவிட்டது.

ஞானிகள் உள்ளே போய்க் குழந்தையின் முன் விழுந்து பணிந்தார்கள். பொன்னும் சாம்பிராணியும் வெள்ளைப்போளம் என்னும் நறுமணப் பிசினும் படைத்தார்கள். ஒட்டகம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது. குழந்தை அதன் உதட்டைப் பிடித்து இழுத்துச் சிரித்தது.

ஞானிகளுக்கும் கனவில் எச்சரிக்கை வந்தது. மலைக்குப் பின்னால் போகும் ஆட்டுப்பாதையைக் கழுதை ஒட்டகங்களுக்குக் காட்டியது. அவர்கள் அந்த வழியாகவே ஊர் திரும்பினார்கள். நரி அரண்மனை வாசலில் வீணாகக் காத்துக் கிடந்தது.

பிறகு கழுதை தாயையும் பிள்ளையையும் சுமந்துகொண்டு எகிப்துக்குத் தப்பி ஓடியது. அங்கே கிணற்றடியில் ஓர் எருமை, "இது யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டது.

"உன் வீட்டுப் பிள்ளையும்தான். கிட்டே வந்து பார்!" என்றது கழுதை.

ஞானிகள் குழந்தையைக் கண்டதை நினைவுகூரும் திருக்காட்சித் திருநாள் சொல்லும் நீதி இதுதான்: ஊருக்கெல்லாம் வந்த ஒளியைத் தன் வீட்டு விளக்கு என்று மறைத்து வைப்பவன், கடைசியில் தானே இருட்டில் நிற்பான்.