இறக்கைப் பட்டையும் இரக்கமுள்ள கீரியும்

காடு முடிந்து தோட்டம் தொடங்கும் இடத்தில் ஒரு குளம். அந்தக் குளக்கரையில் சாம்பலி என்ற கோழி தன் குஞ்சுகளோடு வாழ்ந்து வந்தது. அதற்கு ஒரு குறையும் இல்லை. கிளறினால் புழு, குனிந்தால் தண்ணீர், பொழுது சாய்ந்தால் படுக்கக் கொட்டகை. இதற்கு மேல் ஒரு கோழிக்கு என்ன வேண்டும்? குஞ்சுகளும் கொழுகொழுவென்று இருந்தன. கடைசியாகப் பொரிந்த குண்டுமணி மட்டும் உருவத்தில் சின்னது. வாய் பெரியது.

ஒரு நாள் காலையில் தோட்டக்காரி தெய்வானை ஒரு கூடையோடு வந்து உட்கார்ந்தாள். குஞ்சுகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்து இறக்கையை விரித்தாள். இறக்கையின் முன்பக்க மடிப்பில் மெல்லிய தோல் ஒன்று இருக்கும். அதில் அம்மைத் தடுப்பூசியைக் குத்தினாள். பக்கத்திலேயே ஒரு சின்ன அலுமினியப் பட்டையை நுழைத்து, நுனியை மடித்து அழுத்தினாள். இறக்கை வளர இடம் விட்டிருக்கிறதா என்று விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டாள்.

குஞ்சு "கீச்!" என்றது. அவ்வளவுதான். அடுத்த நிமிடம் ஓர் எறும்பைத் துரத்திக்கொண்டு ஓடியது.

குஞ்சுகள் அதை அன்றைக்கே மறந்துவிட்டன. தாய் மறக்கவில்லை. மறுநாள் குளக்கரையில் இரை பொறுக்கும்போதும் சாம்பலி புலம்பிக்கொண்டே இருந்தது.

"என் பிள்ளைங்க என்ன திருட்டுப் பசங்களா? எதுக்கு இதுங்களுக்கு விலங்கு?"

கூட மேய்ந்துகொண்டிருந்த சிவப்பி என்ற கோழி சிரித்தது. "விலங்கு இல்லடி, அடையாளம்! போன மழைக்காலத்துல பக்கத்துத் தோட்டத்துக் குஞ்சுங்க நம்ம கொட்டகையில புகுந்து அம்மையைக் கொண்டுவந்துச்சே, மறந்துட்டியா? இனிமே பட்டை போட்டதுக்கு மட்டும்தான் உள்ளே இடம்."

"உனக்கென்ன, நீ சொல்லுவே! ராத்திரி பிள்ளைங்களை அணைச்சுப் படுத்தா, ஒவ்வொரு பட்டையும் சுடச்சுட என் நெஞ்சுல குத்துது. கண்ணை மூட முடியல!"

"ரெண்டு நாள்ல பழகிடும்" என்று சொல்லிவிட்டு சிவப்பி தன் குஞ்சுகளோடு நகர்ந்துவிட்டது.

ஆனால் இந்தப் பேச்சை முள்புதருக்குள் இருந்து வேறு இரண்டு காதுகளும் கேட்டுக்கொண்டிருந்தன. வழுக்கன் என்ற கீரியின் காதுகள் அவை. அந்தக் கொட்டகை மேல் வழுக்கனுக்கு வெகுநாளாக ஒரு கண். கொட்டகை வாசலில்தான் சிக்கல். அங்கே தொப்பையன் என்ற கிழட்டு நாய் காவல் இருந்தது. தொப்பையனுக்குக் கண் மங்கல். மோப்பமும் பாதி போய்விட்டது. அதனால் பட்டை போட்ட நாள் முதல் சாயங்காலம் குட்டிக் கதவின் முன்னால் உட்கார்ந்து, உள்ளே நுழையும் குஞ்சுகளின் இறக்கையை மூக்கு நுனியால் தொட்டுப் பார்க்கும். பட்டை தட்டுப்பட்டால் "போ!" தட்டுப்படாவிட்டால் "நகரு!" வேறு பேச்சே கிடையாது.

'ஆக, எனக்கு வேண்டியது ஒரு பட்டை!' என்று வழுக்கன் நாக்கைச் சப்புக்கொட்டியது. உடனே முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு வெளியே வந்தது.

"அக்கா! நீங்க அழுதது என் மனசைப் பிசைஞ்சிடுச்சு!"

சாம்பலி சிறகைச் சிலிர்த்துக்கொண்டு முன்னால் வந்து நின்றது. "கிட்ட வராதே! உன் குணம் எனக்குத் தெரியாதா?"

"பாம்பைப் பிடிக்கிற பரம்பரை அக்கா நாங்க. பச்சைக் குழந்தைங்க மேல கை வைப்போமா? உங்க பிள்ளைங்க தகரத்தைச் சுமந்துக்கிட்டு நடக்கிறதைப் பார்க்கச் சகிக்கல. மத்த தாய்ங்க எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. உங்களுக்குத்தான் பெத்த மனசு துடிக்குது!"

சாம்பலியின் சிறகு கொஞ்சம் தணிந்தது. பாராட்டு என்றால் கோழிக்கும் இனிக்கும்தானே!

"அது சரி, அதுக்கு நீ என்ன பண்ணப் போறே?"

"என் பல்லு ஊசி மாதிரி. மடிப்பை நிமிர்த்தி நோகாம எடுத்துடுவேன். நீங்க பக்கத்துலயே நில்லுங்க. ஒரு முடி உதிர்ந்தாலும் என் கண்ணைக் கொத்திடுங்க!"

இவ்வளவு சொன்ன பிறகு சாம்பலியால் மறுக்க முடியவில்லை. அலகைத் தயாராக வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றது. வழுக்கன் சொன்னபடியே செய்தது. பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் குளத்துச் சேற்றில் துப்பியது. அதன் வயிறு மட்டும் கடமுடா என்று உருண்டது. 'பொறு, வயிறே! இங்கே தின்றால் ஒரு வாய். கொட்டகைக்குள் போனால் விருந்து!' என்று அதை அடக்கிக்கொண்டது.

கடைசியில் குண்டுமணியின் முறை வந்தது.

"எனக்கு வேண்டாம்!" என்றது குண்டுமணி. "போட்டப்ப வலிச்சது. அந்த வலி போயிடுச்சு. எடுக்கிறதுக்கு வேற ஒருதரம் வலிக்கணுமா?"

"சொன்ன பேச்சைக் கேளுடா!" என்று தாய் அதட்டியது. குண்டுமணி கோரைப் புல்லுக்குள் ஓடி ஒளிந்துகொண்டது.

"விடுங்க அக்கா, சின்னப் பிள்ளை" என்று வழுக்கன் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் புதருக்குள் போனது. சாம்பலிக்கு மனசு லேசாகிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு கீரியா என்று வியந்துகொண்டே மீதிப் பொழுதைக் கழித்தது.

சாயங்காலம் ஆனது. கோழிகள் கொட்டகை வாசலில் வரிசையாக வந்தன. சிவப்பியின் குஞ்சுகள் உள்ளே போயின. அடுத்து குண்டுமணி முந்திக்கொண்டு ஓடியது.

தொப்பையன் மூக்கால் தொட்டுப் பார்த்தது. "பட்டை இருக்கு. போ!"

அடுத்த குஞ்சு வந்தது. "பட்டை இல்லை. நகரு!" அதற்கடுத்தது வந்தது. "நகரு!"

சாம்பலி பதறிப்போனது. "அண்ணே! என்னைத் தெரியலையா? தினமும் உங்க தட்டுல மிச்சம் பொறுக்குறவ!"

"உன்னைத் தெரியும். நீ உள்ளே போ. கூட நிக்கிறதுங்களைத்தான் தெரியல. பக்கத்துத் தோட்டத்துக் குஞ்சா இருக்கும்."

"ஐயோ, எல்லாம் நான் அடைகாத்துப் பொரிச்சதுங்க!"

"அதுக்கு அத்தாட்சி? இறக்கையைக் காட்டு!"

எதைக் காட்டுவது? உள்ளேயிருந்து குண்டுமணி கத்தியது. "அம்மா! எங்கே நிக்கிறே? சீக்கிரம் வா!" உள்ளே ஒன்று, வெளியே மற்றவை. எந்தப் பக்கம் போனாலும் பாதி உயிர் மறுபக்கம் கிடந்தது. சாம்பலிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்தச் சமயத்தில் ஓர் உருவம் தரையோடு தரையாக ஊர்ந்து வரிசையில் புகுந்தது. கோழிகள் குளிக்கும் புழுதிக் குழியில் புரண்டு எழுந்த வழுக்கன்தான் அது. முன்னங்கால் மயிரில் ஒரு பட்டையைக் குளத்துச் சேற்றால் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கீச்... கீச்..." என்று கரகரத்த குரலில் கூவியது.

தொப்பையன் மூக்கு நுனியை வைத்தது. "தொண்டை கட்டியிருக்கோ? பட்டை இருக்கு. போ!"

வழுக்கனின் தலை குட்டிக் கதவுக்குள் நுழைந்தது. சாம்பலி வாலைப் பார்த்துவிட்டது. எந்தக் குஞ்சுக்கு இவ்வளவு நீள வால் இருக்கிறது?

"அண்ணே! அது கீரி! பிடிங்க!"

தொப்பையன் வாலை ஒரு காலால் அமுக்கிக்கொண்டது. "பட்டை இருக்கே!"

"அது என் பிள்ளையோட பட்டை! நான்தான் கழட்டச் சொன்னேன். புத்தி கெட்டுப்போய் நானேதான் கழட்டச் சொன்னேன்!"

தோட்டத்துக் கோழிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. பார்க்கட்டும்! மானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் குண்டுமணி போய்விடும். ஆனால் தொப்பையனோ தலையைச் சொறிந்தது. "வாயால ஆயிரம் சொல்லலாம். பட்டை இருந்தா உள்ளே விடணும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அப்போதுதான் சாம்பலிக்கு அது நினைவு வந்தது.

"அப்போ பட்டையையே கேளுங்க அண்ணே! திரும்பத் தொட்டுப் பாருங்க. சூடா இருக்கா, சில்லுன்னு இருக்கா? குஞ்சு உடம்புல இருக்கிற பட்டை சூடாத்தான் இருக்கும். ராத்திரியெல்லாம் என் நெஞ்சுல குத்தினது எனக்குத் தெரியாதா?"

தொப்பையன் அமுக்கியிருந்த வாலைப் பிடித்து வழுக்கனை வெளியே இழுத்தது. மூக்கை மறுபடி வைத்தது. சட்டென்று பின்வாங்கியது.

"அடேய்! குளத்துச் சேறு மாதிரி சில்லுன்னு இருக்கே! இவ்வளவு சில்லுன்னு இருந்தா அது செத்த குஞ்சு. செத்த குஞ்சு எங்கேயாவது நடந்து வருமா?"

அவ்வளவுதான், தொப்பையன் ஒரு கடி கடித்தது! வழுக்கன் வால் மயிரில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு ஓட்டம் பிடித்தது. அதன் பிறகு அந்தக் குளக்கரைப் பக்கம் அது தலைகாட்டவே இல்லை.

குண்டுமணி வெளியே ஓடி வந்து தாயின் காலடியில் ஒண்டிக்கொண்டது. "அம்மா, என் பட்டை சூடா இருக்கு. வேணும்னா தொட்டுப் பாரு!"

சாம்பலி தொட்டுப் பார்த்தது. சூடாகத்தான் இருந்தது. அந்தச் சூடு இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அதற்கு முன்பு தெரியாது.

"அண்ணே, இப்பவாவது என் பிள்ளைங்களை உள்ளே விடலாமா?"

"பட்டை இல்லையே!"

"அண்ணே!"

"உள்ளே விட மாட்டேன். முடியாதுன்னா முடியாதுதான்" என்றது தொப்பையன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டது. "ஆனா, வாசல்ல என் வயித்தோரமா படுக்கக் கூடாதுன்னு தெய்வானை சொல்லலையே!"

சொல்லிவிட்டு வாசலை அடைத்து நீட்டிப் படுத்தது. குஞ்சுகள் ஒரு பக்கம் நாயின் வயிறும் மறுபக்கம் தாயின் சிறகுமாகச் சுருண்டுகொண்டன. உள்ளே போக உரிமை இருந்தும் குண்டுமணி அங்கேயே படுத்தது.

காலையில் தெய்வானை வந்து பார்த்தாள். நாயின் தொப்பை ஓரத்தில் கோழிக் குடும்பம்! சிரித்துக்கொண்டே கூடையை எடுத்து வந்தாள். இந்த முறை சாம்பலியே குஞ்சுகளை ஒவ்வொன்றாக அலகால் தள்ளி அவளிடம் அனுப்பியது. "கீச்!" என்று கத்தியதை "சும்மா இரு, ஒரு நிமிஷம்தான்!" என்று அதட்டவும் செய்தது.

அன்று இரவு கொட்டகையில் பட்டைகள் எல்லாம் சுடச்சுட அதன் நெஞ்சில் குத்தின. 'குத்தட்டும்' என்று சிறகை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு சாம்பலி நிம்மதியாகத் தூங்கியது.

நம் நன்மைக்காகப் போட்ட கட்டு கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். அதை அவிழ்த்துவிட ஓடி வருபவனின் பல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.