இலந்தை செல்லாத குகை

குழந்தைகளே, பாதி முள்ளும் பாதி தண்ணீருமாக ஒரு காடு இருந்தது. மேற்கே வறண்ட முள்காடு. கிழக்கே வற்றாத ஆறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய பாறைக் குகை.

குகைக்குள் பகலிலும் கும்மிருட்டு. அங்கே மின்மினிகள் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்திருந்தன. உள்ளே யாராவது ஓடினால், அந்தக் காலடிச் சத்தத்துக்கு அவை பளிச்சென்று ஒளிரும். ஒளி போகிற பக்கமெல்லாம் துரத்திக்கொண்டு ஓட வேண்டும். நிறையப் பேர் ஓடினால் குகையே திருவிழாப் பந்தல் மாதிரி ஆகிவிடும்.

மின்மினிகளுக்கு விளையாட்டு காட்டத் தெரியும், விற்கத் தெரியாது. அதனால் ஒரு நரி வாசலில் உட்கார்ந்துகொண்டது. அது ஒரு சீழ்க்கை ஒலியைக் கற்றுக்கொடுக்கும். அதைக் கேட்டால்தான் மின்மினிகள் ஒளிர வேண்டும் என்று ஏற்பாடு. ஒரு தடவை விலை கொடுத்துக் கற்றுக்கொண்டால் ஆயுளுக்கும் விளையாடலாம் என்று நரி சொல்லியிருந்தது. இன்னொருவர் காதில் ஊதிக் கற்றுக்கொடுப்பதால் நரிக்கு ஒன்றும் குறைந்துபோவதில்லை.

ஆற்றுப் பக்க வாசலில் விலை ஐந்து மீன். முள்காட்டு வாசலில் ஒரு பிடி இலந்தைப்பழம். ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டால் ஐந்து மீன் வந்துவிடும். முள்ளுக்குள் ஒரு பிடி இலந்தை பொறுக்க ஒரு காலைப்பொழுது போய்விடும். ஆனாலும் அவரவர் பக்கம் கிடைப்பதையே கேட்டதால் யாருக்கும் குறையில்லை.

முள்காட்டில் வேலம்மா என்று ஒரு கௌதாரி இருந்தாள். காற்றடித்தால் கவலைப்படுவாள். அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று கவலைப்படுவாள். அவளுக்குக் குஞ்சுகள் நிறைய. மேலே வல்லூறு சுற்றாத நாள் கிடையாது. குஞ்சுகள் குகைக்குள் விளையாடும் நேரத்தில்தான் அவளுக்கு மூச்சு சீராக வரும்.

ஒருநாள் முள்காட்டு வாசலில் புதிதாகச் சிலர் வரிசையில் நின்றார்கள். உடம்பெல்லாம் புழுதி. கையில் இலந்தை. வேலம்மா தினமும் புழுதியில் குளிக்கிறவள். புழுதியில் புரண்டவர் மேலிருந்து பொடி உதிரும். இவர்கள் மேலிருந்து சேறு சொட்டியது. நின்ற இடமெல்லாம் ஈரக் காலடி.

தாங்கள் தின்னும் மீனைக் கொடுக்க மனமில்லாமல், தின்னாத இலந்தையைப் பொறுக்கிக்கொண்டு நீர்நாய்கள்தான் வேடம் போட்டு வந்திருக்கின்றன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பேசாமல் இருந்திருக்கலாம். இதனால் நமக்கு என்ன வம்பு வருமோ என்று பயந்து, நேரே நரியிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

"நல்ல சேதி சொன்னீங்க வேலம்மா" என்றது நரி. அதன் கண்கள் மின்னின.

மறுநாள் விடிந்தபோது முள்காட்டு வாசலில் நரி புது விலை சொன்னது. "இலந்தை இனிச் செல்லாது. இந்தப் பக்கமும் ஐந்து மீன்தான்."

வேலம்மா வாசலுக்கு முன்னால் வந்து நின்றாள். "ஏமாத்தினது நீர்நாய். தண்டனை எங்களுக்கா, நரியண்ணே?"

"இந்த வாசல் வழியாத்தானே ஏமாத்தினாங்க?"

"நாங்கதான் முன்னமே விலை கொடுத்துட்டோமே. ஆயுளுக்கும்னு சொன்னீங்களே."

"அது பழைய சீழ்க்கை. நேத்தோட முடிஞ்சது. நீங்க வாங்கினது சீழ்க்கையை இல்லைம்மா, ஊதுறதுக்கு அனுமதியை" என்று நரி கொட்டாவி விட்டது. "முடிஞ்சா மீன் கொண்டு வாங்க. முடியலைன்னா வீட்டிலேயே இருங்க. உங்க ஒரு பிடி பழம் வராட்டா நான் பட்டினி கிடக்கப் போறதில்லை."

முள்காட்டு விலங்குகள் வேலம்மாவைச் சூழ்ந்துகொண்டன. "உன்னை யார் தூது போகச் சொன்னா? வாயைக் கொஞ்சம் மூடி வச்சிருந்தா என்ன?" என்று கீரி கடிந்துகொண்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நீந்தக் கற்றுக்கொள்ளலாமா என்று முயல் யோசித்தது. உடும்பு இரண்டு மீனைத் திருடி வரலாம் என்றது.

அப்போதுதான் வேலம்மா தலையை நிமிர்த்தினாள்.

"யாரும் ஆத்துல இறங்க வேண்டாம். திருடவும் வேண்டாம். இன்னைக்கு நாம தவிச்சுப்போய் அஞ்சு மீன் கொடுத்தா, நாளைக்குப் பத்து கேப்பான். அந்த வாசலை இனி மிதிக்கக் கூடாது. ஒருத்தர்கூட."

"வெளியில விளையாடினா வல்லூறு தூக்கிட்டுப் போயிடுமே" என்றது முயல்.

"நான் புத்து மேல நின்னு மேலே பாத்துக்கிட்டே இருக்கேன். கவலைப்படுறதுதானே எனக்குத் தொழில்? அதைச் சரியாச் செய்யுறேன்."

அன்று முதல் அவள் கறையான் புற்றின் மேல் நின்றாள். வானத்தில் ஒரு புள்ளி தெரிந்தால் போதும், காடு அதிரக் கத்துவாள். குட்டிகளும் குஞ்சுகளும் முள் அடர்ந்த சங்கம்புதருக்குள் பாய்ந்துவிடும். வல்லூறு வெறுங்காலோடு திரும்பிப் போகும். அவளுக்குத் தொண்டை கட்டிப்போனது. ஆனாலும் இறங்கவில்லை.

குகையில் என்ன ஆயிற்று தெரியுமா? முள்காட்டுக் கால்கள்தான் அங்கே அதிகம் ஓடியவை. அவை நின்றதும் ஒளி மங்கியது. நாலைந்து நீர்நாய்கள் இருட்டில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு மூக்கைத் தடவின. இதற்கா ஐந்து மீன் என்று முணுமுணுத்துவிட்டு அவையும் வராமல் நின்றன.

நரி முள்காட்டுக்கு ஓடி வந்தது. புற்றுக்குக் கீழே நின்று பல்லைக் காட்டியது.

"வேலம்மா, உங்களுக்காகவே ஒரு சலுகை. இந்த வாரம் மட்டும் பாதி விலை. ரெண்டரை மீன்தான்."

"முழு மீனே இல்லாத ஊர்ல அரை மீனுக்கு எங்கே போறது?" என்றாள் அவள், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல். புதருக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நரி வாலைச் சுருட்டிக்கொண்டு போனது.

சில நாளில் மின்மினிகளே புற்றைத் தேடி வந்தன. காலடிச் சத்தம் இல்லாமல் தங்களுக்கு ஒளிரவே பிடிக்கவில்லை என்றன. ஐந்து மீனில் நரி தங்களுக்குக் கொடுத்தது ஓர் இலைப் பனித்துளிதான் என்றும் சொல்லி வருந்தின. "உங்க பக்கம் இருட்டான இடம் இருக்கா?" என்று கேட்டன.

சங்கம்புதரின் அடியில் வெயில் நுழையாத இருட்டு இருந்தது. மின்மினிகள் அங்கே குடியேறின. சீழ்க்கை கிடையாது, வாசல்காரனும் கிடையாது. அவரவர் மண்ணில் கிடைப்பதில் ஒரு பிடி மின்மினிகளுக்குக் கொடுத்தால் போதும். முள்காட்டார் ஆவாரம்பூவும் இலந்தையும் கொண்டு வந்தார்கள். நீர்நாய்கள் வேடம் போடாமல், அல்லிப் பூவோடு வெட்கப்பட்டுக்கொண்டே வந்தன. புதர் ஜொலித்தது. வேலம்மாவின் குஞ்சுகள் ஓடிய ஓட்டத்தில் முள் ஒன்றும் அவற்றின் கண்ணில் படவில்லை.

கடைசியில் நரியும் வந்தது. குகையில் தனியாக எத்தனை நாள்தான் சீழ்க்கை ஊதும்? எதிரொலி மட்டும்தான் பதில் சொன்னது. அதன் முதுகில் ஒரு மூட்டை. மூட்டையிலிருந்து அழுகல் நாற்றம்.

"எவ்வளவு மீன் வேணும்னாலும் எடுத்துக்கோங்க. என்னையும் சேர்த்துக்கோங்க."

வேலம்மா முதன்முறையாகக் கீழே பார்த்தாள்.

"மீன் இங்கே செல்லாது, நரியண்ணே. நீங்களும் இந்த முள்காட்டுல பிறந்தவர்தானே? ஒரு பிடி இலந்தை பொறுக்கிட்டு வாங்க. எல்லாருக்கும் அதே கணக்குதான்."

நரி மூட்டையை இறக்கி வைத்தது. முட்கிளைக்குள் கையை விட்டது. ஒரு பழம் கிடைப்பதற்குள் கையில் மூன்று முள் ஏறின. ஐயோ என்று கையை உதறியது. பிறகு நாக்கால் நக்கிக்கொண்டு, இரண்டாவது பழத்துக்குக் கையை நீட்டியது.

நீதி: எட்டாத விலை வைத்து எளியவரைத் துரத்துபவன், அவர்களால்தான் தன் வாசல் ஒளிர்ந்தது என்பதை இருட்டில் தெரிந்துகொள்வான்.