வாங்கின பை

தென்காசியில் ஒரு சூப்பர் மார்க்கெட், இலவசமாகக் கொடுத்துவந்த கேரி பேக்கை நிறுத்திவிட்டு, 'வீட்டிலிருந்து பை கொண்டுவாருங்கள்' என்று போர்டு வைத்தது. பரோட்டாக் கடையில் மாவு பிசையும் சுடலைவடிவும் துணிப்பையோடு போனாள். திருட்டுப் பயமாம், வாசலிலேயே வாட்ச்மேன் அதை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார்.

அவளிடம் இருந்த காசு சாமானுக்கே சரியாகப் போனது. பில் போட்டதும் டை கட்டிய மேனேஜர் வந்தார்.

"சாமானைக் கையில அள்ளிட்டுப் போகக் கூடாதும்மா. பை வேணும்."

"பை வாசல்ல இருக்கு சார். எடுத்துட்டு வாரேன்."

"வெளியே போனா மறுபடி உள்ள விடமாட்டோம். இங்கே பை வாங்கித்தான் ஆகணும். பத்து ரூபா."

"பை வாங்கினா காசு குடுக்கணும், அப்படித்தானே சார்?"

"ஆமா. யாரா இருந்தாலும்." வரிசைக்கே கேட்கும்படி சொன்னார்.

சுடலைவடிவு டோக்கனை மேஜைமேல் வைத்தாள். "வாசல்ல என் பையை வாங்கினது நீங்கள்லா. பத்து ரூபாயை எடுங்க."

மேனேஜர் வரிசையைப் பார்த்தார். ஆளாளுக்கு டோக்கனைக் கையில் எடுத்திருந்தார்கள்.

அவர் வாசல் பக்கம் திரும்பிக் கத்தினார். "யோவ், இனிமே யார் பையையும் வாங்காதேய்யா."