ஏசுவடியாள் அடிக்காத மணி

கிருபாபுரம் ஆலயத்தைக் கூட்டிப் பெருக்குவதும், பாய் விரிப்பதும், காலையும் மாலையும் மணி அடிப்பதும் ஏசுவடியாளின் வேலை. கோபுரத்தின் உள்ளே தொங்கும் கயிற்றைத் தொடுமுன் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொள்வார். "ஆண்டவரே, கேட்கிறவர்களை எழுப்பும்" என்பதே அவருடைய ஜெபம். தமக்கென்று எதையும் கேட்டதில்லை. கணவரை அடக்கம் செய்த மறுநாள் காலையிலும் மணி நேரம் தவறாமல் ஒலித்தது.

ஊரில் மரணம் நேர்ந்தாலும் அவர்தான் கயிற்றைப் பிடிக்க வேண்டும். பெரியவர்களுக்கு நீண்ட இடைவெளி விட்டு அடிப்பார். சிறுவர்களுக்கு விரைவாக அடித்து முடிப்பார். ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கு மணி கிடையாது. இதை யார் வகுத்தார்கள் என்று எவருக்கும் தெரியாது. ஒரு மழை நாளில், துண்டு போர்த்திய சிறிய பெட்டியோடு ஆலய வாசலில் வந்து நின்ற இளைஞரிடம் அவர், "வழக்கம் இல்ல தம்பி" என்றார். சொல்லிவிட்டு, நனைந்த இலைகளைக் கூட்டப் போய்விட்டார்.

மழைக்காலம் போய்ப் புத்தாண்டு பிறந்தது. பெண்கள் சங்கத்தார் ஆலய மண்டபத்தில், துக்கத்தில் இருப்பவர்களை ஆற்றுப்படுத்தும் ஊழியம் பற்றி வகுப்பு நடத்தினார்கள். தேநீர் கொண்டுபோன ஏசுவடியாள் கதவோரம் நின்று கேட்டார். கேட்டது அவரைத் தூங்கவிடவில்லை. திருமணத்துக்கு முன் தட்டச்சு நிலையத்தில் வேலை பார்த்தவர். கைப்பேசியில் ஒரு வலைப்பூ தொடங்கி, 'ஆறுதல் வசனங்கள்' என்று பெயர் வைத்தார். வாரம் ஒரு பதிவு. விசுவாசத்தைப் பற்றி, பயத்தைப் பற்றி, குடும்பச் சண்டையைப் பற்றித் தமக்குத் தெரிந்ததை எழுதினார்.

குழாயடியில் கேலி கிளம்பியது.

"ஏட்டி ஏசுவடியா, எனக்கும் எங்க மாமியாளுக்கும் ஆவமாட்டேங்கு. போன்ல எந்தப் பட்டன அமுக்கணும்?"

"போன விடுங்கக்கா. டிவி ரிமோட்ட மாமிகிட்ட குடுங்க, பாதிச் சண்டை தீந்துரும்" என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கேலி அவரை எதுவும் செய்யவில்லை. அவரை உலுக்கியது வேறொன்று.

லெந்து என்னும் தவக்கால நாட்களில் ஒரு பதிவின் கீழே, 'ஒரு சகோதரி' என்று மட்டும் போட்டு, பெயர் சொல்லாமல் ஒருவர் இரண்டே வரி எழுதியிருந்தார். 'அக்கா, காலையில் கோயில் மணி கேட்டால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. காதைப் பொத்திக்கொள்கிறேன்.'

ஏசுவடியாளுக்கு முகம் சுருங்கியது. வாழ்நாளெல்லாம் அந்த மணியை ஜெபித்து அடித்தவர் அல்லவா? உடனே பதில் எழுதினார். மணி ஆண்டவர் அழைக்கும் சத்தம், அதை வெறுக்கிற மனம் சோதனைக்காரனாகிய சாத்தானிடமிருந்து வருவது, ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே எழும்புங்கள் என்று எழுதி, ஒரு வசனத்தையும் சேர்த்தார். நன்றாக எழுதிவிட்ட திருப்தி கூட இருந்தது.

மறுநாள் அங்கே ஒரு வரி வந்திருந்தது. 'சரி அக்கா. இனி இதை யாரிடமும் பேசமாட்டேன்.'

அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

அந்த வரியை அவர் திரும்பத் திரும்பப் படித்தார். ஏன் நெஞ்சு அடைக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். துக்கத்தில் இருப்பவரிடம் முதலில் கேளுங்கள், பிறகு பேசுங்கள் என்றுதான் வகுப்பில் சொன்னார்கள். அவர் மணிக்காகப் பரிந்து பேசினார். ஆளை விட்டுவிட்டார்.

யாரிடமும் பேசாத ஒருத்தி என்ன செய்வாள்? அந்தக் கேள்வி அவரோடு எழுந்தது, அவரோடு சாப்பிட உட்கார்ந்தது. மரணச் செய்தி வந்தால், கயிற்றைத் தொடுமுன் "யாரு? என்ன வயசு? எப்படிப் போனாங்க?" என்று விசாரித்தார். முதியவர் என்று தெரிந்ததும் மூச்சு விட்டார். மூச்சு விட்டதற்காக அழுதார்.

அந்த நாட்களில்தான் அவருக்கு அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியது. மணி அடித்து முடித்து, கயிறு அசைவற்றுத் தொங்கும்போது, மேலே மெலிதாக ஒரே ஒரு ஒலி. யாரோ விரல் நுனியால் தட்டியது போல. வெயிலில் உலோகம் விரிவதால் வருமோ என்று நினைத்தார். விடியும் முன்பும் வந்தது. காற்றாக இருக்குமோ என்று பார்த்தார். இலை அசையாத நாளிலும் வந்தது. ஏணி வைத்து ஏறி மணியின் நாக்கைத் துடைத்து எண்ணெய் போட்டார். அப்போதும் வந்தது. அருகில் நின்றவர்களைக் கேட்டார். அவர்கள் காதில் எதுவும் விழவில்லை.

குருவானவரிடம் போய் நடந்ததைச் சொன்னார். "உலகத்துல எந்த மூலையில இருந்து எழுதினாங்களோம்மா. எப்படிக் கண்டுபிடிக்க?" என்றார் அவர்.

"அவங்களக் கண்டுபிடிக்க முடியாட்டா, அவங்க என்னக் கண்டுபிடிக்கிற எடத்துல நான் இருக்கணும்லா ஐயா" என்றார் ஏசுவடியாள்.

அன்று வலைப்பூவின் பெயரை மாற்றினார். 'கேட்கிறேன்' என்று வைத்தார். ஒவ்வொரு பதிவின் முடிவிலும், 'சகோதரி, ஏன் என்று அன்று கேட்காமல் போனேன். இப்போது கேட்கிறேன்' என்று எழுதினார். வெயிலும் மழையும் மாறின. பதில் இல்லை. மேலே அந்த ஒலி மட்டும் நிற்கவில்லை. அவர் அதற்குப் பயந்தார். ஆனாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டே ஜெபித்தார். "ஆண்டவரே, இது உம்முடைய கோபமானால் நான் தாங்கிக்கொள்கிறேன். அவள் உயிரோடு இருக்கட்டும்."

அந்த வரி வந்து ஓராண்டு நிறைந்தபோது நடந்ததை ஒளிக்காமல் எழுதினார். மணி அடிப்பவள் நான்தான், மணியைக் காப்பாற்றப் பார்த்து ஒரு மனுஷியைக் கைவிட்டேன் என்று எழுதினார். அதைப் பலர் படித்தார்கள். சபைச் செயலாளர் ஆசீர்பாதமும் படித்தார்.

"என்னம்மா எழுதி வச்சிருக்க? நம்ம கோயில் மணியக் கேட்டு ஒருத்தி காதப் பொத்துனாளாம். ஊரு சிரிக்கி. ஞாயித்துக்கிழமைக்குள்ள எடுத்துரு. இல்லன்னா கயித்த விட்டுட்டு வீட்டுக்குப் போ."

"எடுத்துட்டா, அந்தப் பிள்ள என்னைக்காவது வந்து பாக்கும்போது கதவு சாத்தியிருக்குமே ஐயா."

"அப்போ நீ வேலைய விட்டாலும் விடுவ?"

 ஏசுவடியாள் கயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, ஆம் என்று தலையசைத்தார்.

சனிக்கிழமை பிற்பகல், நாளையோடு போகப்போகிற வேலையை அவர் வழக்கம்போலச் செய்துகொண்டிருந்தார். பாய்களைத் தட்டி விரித்து நிமிர்ந்தபோது, கோபுர வாசலில் ஓர் இளம்பெண் கயிற்றைப் பார்த்தபடி நின்றாள். தெற்குத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெனிலா. ஆலயத்துக்கு வந்து நெடுநாளாகிறது.

"நான்தான் அக்கா அது" என்றாள்.

 ஓராண்டாக எழுதிய கேள்வியை ஏசுவடியாள் முதல்முறையாக வாயால் கேட்டார். "ஏன்மா? ஏன் காதப் பொத்துன?"

பெனிலா பாயில் உட்கார்ந்தாள். "பொம்பளப் பிள்ள. பொறக்கும்போதே உசுரு இல்ல. எங்க வீட்ல அவுக மழையில பெட்டியத் தூக்கிட்டு உங்ககிட்டதான் வந்தாவ. வழக்கம் இல்லன்னு அனுப்பிட்டிய. ஊர்ல எல்லாருக்கும் அடிக்கிற மணி, என் பிள்ளைக்கு அடிக்கலியே அக்கா. தெனமும் காலைல அது அடிக்கும்போது, உன் பிள்ள பிள்ளையே இல்லன்னு சொல்லுத மாதிரி இருந்துச்சி."

ஏசுவடியாளுக்கு அந்தத் துண்டு நினைவுக்கு வந்தது. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் நினைவுக்கு வந்தது.

"எழுதுறது நீங்கன்னு தெரிஞ்சுதான் எழுதுனேன். ஒரு வார்த்த கேப்பியளான்னு பாத்தேன். உங்க பதிலப் பாத்த அன்னைக்குக் கெணத்துப் பக்கம் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். அப்புறம் நீங்க வாராவாரம் கேட்டிய. பதில் சொல்லத்தான் தைரியம் வரல. இப்ப அத எடுக்கச் சொல்லுதாங்கன்னு கேள்விப்பட்டேன். அதான் வந்தேன்."

ஏசுவடியாள் அவள் முன் தரையில் உட்கார்ந்து அவள் பாதங்களைத் தொட்டார். அவள் பதறிக் கால்களை இழுத்துக்கொண்டாள். வசனம் எதுவும் அவர் சொல்லவில்லை.

"பிள்ளைக்குப் பேரு வச்சியாம்மா?"

இதுவரை எவரும் அதைக் கேட்டதில்லை. பெனிலா மெல்லச் சொன்னாள். "சாரோன்."

ஏசுவடியாள் எழுந்து செருப்பைக் கழற்றினார். முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். சிறுவர்களுக்கு அடிப்பதுபோல விரைந்து முடிக்கவில்லை. பெரியவர்களுக்கு அடிப்பதுபோல, நீண்ட இடைவெளி விட்டு, ஊர் முழுவதும் கேட்க அடித்தார்.

வேளையில்லா வேளையில் துக்கமணி கேட்டதும் ஆட்கள் ஓடிவந்தார்கள். "யாரு? யாரு போனது?" ஆசீர்பாதம் மேல்சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார்.

"யாரக் கேட்டு அடிக்க? யாருக்கு இந்த மணி?"

"சாரோனுக்கு ஐயா. பெனிலா மக. அன்னைக்கே அடிச்சிருக்க வேண்டியது."

ஆசீர்பாதம் கயிற்றைப் பிடுங்கக் கை நீட்டினார். பாயில் குலுங்கிக் குலுங்கி அழுத பெண்ணைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். பின்னால் வந்த குருவானவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றார்.

ஏசுவடியாள் கடைசியாக ஒருமுறை இழுத்துக் கயிற்றை விட்டார். அதிர்வு அடங்கியது. கயிறு அசையாமல் தொங்கியது.

அப்போது மேலே, மெலிதாக, ஒரே ஒரு ஒலி.

பெனிலா தலையை நிமிர்த்தினாள். "அக்கா, நீங்க விட்டுட்டியளே. இப்ப அடிச்சது யாரு?"

ஆசீர்பாதம் அண்ணாந்து பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். ஓராண்டாக ஒருவர் காதில் மட்டும் விழுந்தது அன்று அத்தனை பேர் காதிலும் விழுந்தது. குருவானவர் மெல்ல மண்டியிட்டார். குழந்தையின் பெயரைச் சொல்லி ஜெபித்தார். முதல் ஆமென் ஆசீர்பாதத்திடமிருந்து வந்தது.

அதன்பின் அந்த ஒலி கேட்கவில்லை. மறுநாள் கயிற்றை விடும்படி எவரும் சொல்லவுமில்லை. கிருபாபுரத்தில் இப்போது மூச்சுவிடாமல் பிறந்த பிள்ளைக்கும் மணி உண்டு. பெயர் கேட்ட பிறகுதான் ஏசுவடியாள் கயிற்றைத் தொடுகிறார். தாம் தவறவிட்ட ஒரு சொல்லை ஓராண்டு முழுதும் தேடி நின்ற அந்த எளிய அடியாரை, ஆண்டவர் தம் கையால் ஒருமுறை மணி அடித்துக் கனம்பண்ணினார் என்றே ஊரார் இன்றும் சொல்லுகிறார்கள்.